கண்ணாடி மூடிக்குள் அக்கா

அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்காவுக்கு முப்பத்தொரு வயது. அம்மா போய்ச் சேர்ந்தபோது ஐம்பது. நடுவில் இருந்த வருஷங்களை அவள் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீட்டின் இரண்டு அறைகளில் கழித்தாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது. கடைக்குப் போனாலும் கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். நான் கல்யாணமானதும் பங்காருபேட்டைக்குக் குடிபோனேன். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அதுதான் வசதி என்று எல்லோரிடமும் சொன்னேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா இறந்த ஐந்தாம் மாதம் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. என் மனைவி ஒரே பெண், மாமியாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் அவரைக் கொண்டுவந்தோம். மனைவி பள்ளிக்கூட டீச்சர். நானோ விடியும்போதே ஸ்டேஷனில் நிற்க வேண்டியவன். பார்த்துக்கொள்ள வைத்த அம்மாள் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மனைவியும் பேசியதெல்லாம் சண்டையாகவே முடிந்தது.

ஒருநாள் அவள் சொன்னாள்: "உங்க அக்கா இப்ப சும்மாதானே இருக்காங்க? இங்க வந்து இருக்கட்டுமே. நமக்கும் ஒத்தாசை, அவங்களுக்கும் துணை."

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. அக்காவுக்கு விமானம் என்றால் ஆசை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்றால், பெங்களூரில் இறங்கப் போகிற விமானங்கள் தெரியும். "ஒரு தபா கிட்டக்க போய்ப் பாக்கணும்டா, எவ்ளோ பெருசு கீதுன்னு" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு சின்ன விமான அருங்காட்சியகம் இருப்பதாக என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து நடத்துவதாம். பழைய போர் விமானங்களைத் தொட்டே பார்க்கலாமாம். அங்கே கூட்டிப் போய், அவள் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறினாள். பங்காருபேட்டையில் நான் ஏறியபோது எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தாள். அம்மா இறந்த பிறகு வாங்கிய ஊதா நிறப் புடவை. நான் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, நாலு இட்லியை அவள் பக்கம் தள்ளினேன்.

"உனக்கு ரெண்டு போதுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

அருங்காட்சியகம் என்பது உயரமான தகரக் கொட்டகையும் அதன் முன்னால் புல் முளைத்த ஒரு முற்றமும்தான். முற்றத்தில் இரண்டு பயிற்சி விமானங்கள் மஞ்சள் பெயிண்ட் உரிந்து நின்றன. ஒன்றின் மூக்குத் துவாரத்தில் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. கொட்டகைக்குள் ஒரு பெரிய சரக்கு விமானம், அதன் இறக்கைக்கு அடியில் ஒடுங்கி ஒரு போர் விமானம். அக்கா எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்தாள். சக்கரங்களைத் தொட்டாள். இறக்கையின் ஆணிகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள்.

"இன்னாடா இது, எல்லாம் தகரம்தானா? நம்ம வீட்டு கூரை மாதிரி கீதே!"

அங்கே அன்று இருந்தவர் ஒருவர்தான். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த கன்னடக்காரர். அக்காவின் ஆர்வத்தைப் பார்த்து அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "உக்காந்து பாக்கறீங்களாம்மா?" என்று போர் விமானத்தின் பக்கவாட்டில் ஏணியைச் சாத்தினார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். உள்ளே ஒரே ஓர் ஆள் உட்காரும் இடம். தோள் இரண்டு பக்கமும் இடிக்கும். அவள் இறங்கி உட்கார்ந்ததும், போட்டோ நன்றாக வரும் என்று அவர் கண்ணாடி மூடியை இழுத்து மூடினார். நான் இரண்டு படம் எடுத்தேன். பிறகு அவர் மூடியைத் திறக்கப் போனார். அது வரவில்லை.

முதலில் சிரித்தார். இன்னொரு முறை இழுத்தார். உள்ளே இருந்த பிடியைத் திருப்பச் சொல்லி அக்காவுக்குக் கை காட்டினார். அவள் திருப்பினாள். அது திருகாணி கழன்றதுபோலச் சும்மா சுற்றியது. "ஏனூ ஆகல்லா, ஒந்து நிமிஷா" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார். ஒன்றும் ஆகாது என்று சொன்ன அந்த முகம் வெளுத்திருந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன என்று தெரியும். அப்பா ஒருமுறை சுரங்கத்தில் பாறை சரிந்து ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கீழேயே இருந்தார். அம்மாவோடு நாங்கள் இருவரும் ஷாஃப்ட் வாசலில் நின்றோம். அப்பா மேலே வந்துவிட்டார். ஆனால் நான் அன்றிலிருந்து மூடிய இடத்தில் நிற்க முடியாதவன். ரயிலில்கூட ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் கதவருகேதான் நிற்பேன். இப்போது ஏணியின் மேல் நின்று, கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மெக்கானிக் திரும்பி வந்து, கண்ணாடியின் பக்கவாட்டில் ஓர் ஓட்டையை அடைத்து வைத்திருந்த தகட்டைக் கழற்றினார். உள்ளங்கை அகலம் இருக்கும். "காத்து போகும்மா, பயப்பட வேண்டாம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, எண்ணெயும் நீளமான கொக்கியும் எடுத்துவரப் பின்பக்கத்து அறைக்கு ஓடினார்.

நான் அந்த ஓட்டையில் வாயை வைத்தேன். "அக்கா, பயப்படாதே. தோ வந்துடுவாரு."

"நான் எங்கடா பயந்தேன்? நீ ஏணியை ஆட்டாம நில்லு."

அவள் நெற்றியில் வியர்வை ஓடியது. ஆனால் குரலில் பதற்றமே இல்லை. முன்னால் இருந்த முட்கள் நின்றுபோன கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. எடுக்காமல் நிறுத்தினேன்.

"உன் பொண்டாட்டியா?"

"ஆமா."

"நான் இன்னா சொன்னேன்னு கேக்கத்தானே போன் பண்றா?"

போனை முழுசாக அணைத்துப் பையில் போட்டேன்.

"எனக்கு நாலு இட்லி குடுத்தப்பவே தெரியும்டா. மாமனாரைப் பாத்துக்க ஆளு இல்லேன்னு ஊருக்கே தெரியும். கேக்கணும்னா இப்பவே கேட்டுடு."

"முதல்ல நீ வெளிய வா, அக்கா."

"வெளிய வந்தா உன் மூஞ்சியப் பாத்து சரின்னு சொல்லிடுவேன். இப்பவே கேளு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் மறந்து, "எங்க வீட்டுக்கு வந்துடறியா?" என்று மட்டும் கேட்டேன்.

"வரமாட்டேன்."

"அவருக்கு யாரும் இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க."

"அம்மாவுக்கு நான் செஞ்சேன். அது எங்கம்மா. யாரும் சொல்லி செய்யல. நீ அப்ப ஞாயித்துக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கினு வருவே. அரை மணி நேரம் குந்தினு இருப்பே, ரயிலுக்கு நேரமாச்சுன்னு எழுந்திருப்பே. நான் ஒரு நாளாவது இரு, போகாதேன்னு சொன்னனா?"

"இல்ல."

"இனிமே என்னால முடியாதுடா."

எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கப்படுவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் எதற்கும் வாய் திறக்காதவள் எனக்கென்று வரும்போது இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்தேன். இப்போதும் நான்தானே வெளியே நிற்கிறேன், நான் இல்லாவிட்டால் இவள் என்ன செய்வாள் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. அதை நினைத்தவன் நான்தான். கண்ணாடியில் என் முகமும் அவள் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஏணியை விட்டு இறங்கவும் முடியவில்லை, மேலே நிற்கவும் முடியவில்லை.

மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டு, ஓட்டை வழியாகக் கொக்கியை நுழைத்து எதையோ இழுத்தார். நாலைந்து முறை நழுவியது. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். மூடி ஒரு சாண் எழும்பியது. இருவருமாகச் சேர்ந்து அதைத் தூக்கினோம். அக்காவுக்கு முழங்கால் மரத்துப்போயிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மெக்கானிக் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

"இன்னாத்துக்கு சார்? நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, இன்னும் உள்ளே ஏறிப் பார்க்காத சரக்கு விமானத்தையும் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

திரும்பும் ரயிலில் அக்கா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பங்காருபேட்டையில் நான் இறங்கும்போது, "அவரை ஒரே பக்கமா படுக்க வைக்காதீங்க. புண்ணு வந்தா ஆறாது" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு நான் கம்பெனியில் கேட்டு இரண்டாம் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். காலையில் மாமனாரை நான் பார்த்துக்கொள்கிறேன், மாலையில் அவள். நடுவில் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். முதல் நாள் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டபோது அவரும் கண்ணை மூடிக்கொண்டார், நானும் வேறு பக்கம் பார்த்தேன். இப்போது அந்தக் கூச்சம் இல்லை. மனைவியும் நானும் உட்கார்ந்து பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஒன்பது மாதம் ஆகிறது. காலை பத்து மணிக்குத் தெருவில் ஆட்கள் போய்வரும் சத்தம் கேட்கும்போது, காரணமில்லாமல் எழுந்து வாசல்வரை போவேன். அவர் பாதி வாயால் என்னைக் கூப்பிடுவார். திரும்பி வந்துவிடுவேன். தண்ணீர் கேட்கிறாரா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்று கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

அக்கா இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள். மாதம் ஒருமுறை வருவாள். டீ குடிப்பாள், மாமனாரின் முதுகைப் பார்த்து, "புண்ணு இல்ல, நல்லா பாத்துக்கிறே" என்பாள். அவள் கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவள் சரி என்று சொல்லியிருக்கலாமே என்று பாதி மனம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.