ரத்தமும் மோர்சோறும்

வேங்கிக்கால் வீட்டுக்குள் ஈரச்சாக்கு வாடையோடு என் கணவர் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தார். “ராஜபாளையம். காவல் இதுக்கு ரத்தத்துலயே இருக்குது.”

நான் பள்ளியில் படித்தபோது கீழ்பென்னாத்தூரில் என் அப்பாவும் இதே வாடையோடுதான், இதையே சொல்லிக்கொண்டு ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். அம்மா தினமும் மோர்சோறு பிசைந்து போட்டாள். வளர்ந்த நாய், மல்லாட்டை மூட்டையைக் குடைந்து கடலை தின்ற பெருச்சாளியைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்தது.

“மோர்சோறு போட்டே கெடுத்துட்டடி!” என்று கத்தினார் அப்பா.

அதே வாரம் நான் கணக்கில் ஃபெயில். “உங்க வீட்டு ரத்தம், வேற எப்படி வரும்?” அதுவும் அம்மாவிடம்தான். நாய் கெட்டால் வளர்ப்பு, பிள்ளை கெட்டால் பிறப்பு. அடுத்த பரீட்சையில் நான் பாஸானதும், “என் ரத்தமாச்சே!” என்று தெருவெல்லாம் சொன்னார்.

குட்டி முனகியது. “பசிக்குது போல, சோறு எடுத்துட்டு வா,” என்றார் கணவர்.

“நீங்களே போடுங்க. நாளைக்கு இது எலிக்குப் பயந்தா, பழி என் மேல வரக்கூடாது.”