இரண்டாவது வளைவு

எனக்கு வாயைவிடக் கை முந்தும். அப்படிப்பட்டவனுக்குத் தாம்பரத்தில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, குழாய்க்குள் ஓடும் காற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலை. காற்றோடு தூசித் துகள்களையும் விடுவேன். குழாய் வளையும் இடத்தில் காற்று திரும்பிவிடும். கனமான துகள் திரும்பாது, நேரே போய்ச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். தூசி ஒட்டாத இடத்தைப் படத்தில் நீலமாகவும், குவியும் இடத்தைச் சிவப்பாகவும் காட்டுவோம்.

அன்று வந்தது, பெருங்களத்தூரில் கதவு செய்யும் பட்டறை ஒன்றின் தூசி உறிஞ்சும் குழாய். என் தங்கையின் கணவன் அங்கேதான் பலகை தேய்க்கும் மெஷினில் நிற்கிறான். அவன் தலைக்கு நேர்மேலே இருக்கும் இரண்டாவது வளைவு படத்தில் முழுக்கச் சிவப்பு. பலகைக்குள் கிடக்கும் ஆணி மெஷினில் உரசி, ஒரு பொறி அந்த மரத்தூள் குவியலுக்குப் போனால் போதும். குழாய் வெடித்து, கீழே நிற்பவன் எரிந்துபோவான்.

மேலாளர் படத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஓனர் இதை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டணுமாம். இவ்ளோ சிவப்பு வேணாம். ஸ்கேலோட மேல் நம்பரைக் கொஞ்சம் ஏத்திடுங்க."

படத்தின் ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். எவ்வளவு தூசி சேர்ந்தால் சிவப்பு என்று அதுதான் சொல்லும். அதன் உச்சி எண்ணை ஏற்றினால் அதே தூசி பச்சையாகும், இன்னும் ஏற்றினால் நீலமாகும். குழாயில் ஒரு துகள்கூடக் குறையாது. எங்கள் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

முடியாது என்றேன். அவரே மௌஸை இழுத்து எண்ணை ஏற்றினார். என் கண்ணெதிரே வளைவு நீலமானது. மச்சானைக் கொன்றுவிட்டு நாற்காலியில் சாய்கிற மாதிரி சாய்ந்தார். சட்டையைப் பிடித்துத் தூக்கி மானிட்டர் மேல் தள்ளினேன். திரை நொறுங்கியது. வாட்ச்மேன்கள் என்னை இழுத்துப்போய்த் தெருவில் தள்ளினார்கள்.

வெறி அடங்கவில்லை. நேரே பட்டறைக்குப் போய், மெஷினை நிறுத்தி, ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் வளைவின் போல்ட்டுகளைக் கழற்றினேன்.

மச்சான் என் காலைப் பிடித்து இழுத்தான். "மச்சான், எறங்கு. என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாத."

ஓனர் ஓடிவந்து ஏணியை உதைத்தார். வளைவைக் கட்டிக்கொண்டே விழுந்தேன். அது பிய்ந்து என்னோடு வந்தது. மூவர் தலையிலும் மரத்தூள் கூடை கூடையாகக் கொட்டியது. வாயில் நுழைந்ததைத் துப்பிக்கொண்டே ஓனர் என்னை மாறி மாறி அறைந்தார். "யார்ரா நீ? என் பட்டறைல இன்னாடா பண்ற?"

மச்சான் குனிந்து தூளுக்குள்ளிருந்து எதையோ எடுத்தான். கரிக்கட்டை மாதிரி கறுத்த தூள் கட்டி, நடுவில் ஒரு ஆணி. நெருப்பு ஏற்கெனவே ஒருமுறை மேலே போய், எப்படியோ அணைந்திருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவன், திரும்பி ஓனர் முகத்தில் ஓங்கிக் குத்தினான்.

இருவருக்கும் வேலை போயிற்று. தங்கை வீட்டுக்குப் போனால் தட்டை நங்கென்று வைக்கிறாள். மச்சான் உள்ளறையிலிருந்தே ஆரம்பிக்கிறான்: "வந்துட்டான் பாரு, நல்லாப் போயினு இருந்த குடும்பத்தக் கெடுத்தவன்."

திட்டட்டும். அந்தக் குரலைக் கேட்கத்தான் அங்கே போகிறேன்.