பாதியில் நின்ற மூன்று போர்வைகள்

எதையும் ஆரம்பிப்பதில் நான் கெட்டிக்காரி. முடிப்பதில்தான் தகராறு. ஆரம்ப சூரத்தனம் என்று என் கணவர் சொல்வார். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். விடையை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவர் வீட்டில் முக்கால் ஒயர் கூடை, ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், இரண்டாம் பரீட்சையோடு நின்ற ஹிந்தி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் குடித்தனம் செய்தேன். மனுஷர் பொறுமைசாலிதான்.

எழுபதுகளின் நடுவில் பேகோபுரத் தெருவில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். நான்கு குடும்பம், ஒரு கிணறு, ஒரு மொட்டை மாடி. மாடிக்குப் போனால் மலை முழுதாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க ரயிலேறி வருவார்கள். நாங்கள் மாடிக்குப் போனது வற்றல் காயவைக்க.

போர்வை தைப்பது அந்தத் தெருவில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நைந்த நூல் புடவையை நாலாக மடித்துக்கொள்ள வேண்டும். மேலே தையற்கடையில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை அடுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டுத் தையல் போட வேண்டும். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடமாட்டார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் முதலில் கிடத்துவார்கள். அதனால் கல்யாணமான பெண்கள் பழம்புடவையை எவர்சில்வர் பாத்திரக்காரனிடம் போட யோசிப்பார்கள். நானும் யோசித்தேன்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் கடைசிவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் போர்வையைக் கல்யாணமான வருஷமே ஆரம்பித்தேன். பத்து நாள் தள்ளிப்போயிருந்தது. பதினோராம் நாள், குத்திய ஊசியோடு அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். இரண்டாவது, இரண்டு மாதம் வரை போனது. அதில் பாதி தைத்துவிட்டேன். மூன்றாவது, ஒரு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையின் நம்பிக்கையில் ஆரம்பித்தது. மூன்றும் கைக்குழந்தை அளவு. ஒவ்வொன்றை ஆரம்பித்தபோதும் கணவர், "யாருக்கு?" என்று கேட்பார். "சும்மாதாங்க" என்பேன். அவரும் மேலே கேட்கமாட்டார். தெருவில் யாராவது கேட்டால் எனக்குப் பொறுமை இல்லை, சோம்பேறி என்று சொல்லிக்கொள்வேன். சோம்பேறி என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றதைச் சொன்னால் உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆனால் சோம்பலும் இல்லாமலில்லை. எல்லாப் பழியையும் தலையெழுத்தின் மேல் போடுவது எனக்குப் பிடிக்காது. போர்வையின் முதல் சாண் சுகமாக இருக்கும், நிறம் பார்த்துத் துண்டு அடுக்கலாம். கடைசிச் சாணில் கரை கட்டுகிற உற்சாகம் வந்துவிடும். நடுவில் இருப்பதுதான் பாலைவனம். நேற்றுப் போட்ட அதே தையல், அதே வரி. அதிலும் அப்போது எல்லாரும் டெரிகாட்டன் சட்டைக்கு மாறிவிட்டார்கள். அந்தத் துண்டு ஊசிக்கு வழுக்கும், பத்துத் தையலுக்கு ஒருமுறை விரலில் குத்தும். தினம் ஒரு நூல் நீளமாவது தைப்பது என்று விதி வைத்துப் பார்த்தேன். கண்ணில் படும்படி ஆணியில் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிட்டது, கண்ணில் படவே இல்லை. ஒரு வரி தைக்காமல் காப்பி குடிப்பதில்லை என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். நான்கு நாள் காப்பாற்றினேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டில் போய்க் குடித்தேன்.

பக்கத்து வீடு என்றால் எங்களோடு ஒண்டுக் குடித்தனம் இருந்த தையற்கடைக்காரர் வீடு. மூன்று தலைமுறையாக இதே ஊரில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். கடை தேரடித் தெருவில். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு வாய். தையற்காரர் மனைவிக்குத் தைக்கப் பிடிக்காது என்பது அந்த வீட்டின் பெரிய வேடிக்கை. அவர் வீட்டுப் பரணிலும் பாதிப் போர்வை ஒன்று இருந்தது. மகள் வாயும் வயிறுமாக இருந்தாள். முதல் பிரசவம், தாய் வீட்டுக்கு வரப்போகிறாள். மகளின் சின்ன வயசுக் கவுன்களையே துண்டு போட்டுப் பேரக் குழந்தைக்காக ஆரம்பித்த போர்வை அது. நடுவில் நின்றிருந்தது.

அன்றைக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, வேண்டுதலைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"தன் வேலைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு தோணும்மா. அடுத்தவ பொருள் ஊட்ல கெடந்தா கண்ணை உறுத்தும். உன்னுத எங்கிட்ட குடு, என்னுத நீ எடுத்துக்கோ. நீ முடிக்கலைன்னா நான் திட்டுவேன். நான் முடிக்கலைன்னா நீ திட்டு."

"எனக்குத் திட்ட வராதுங்க அக்கா."

"எனக்கு வரும், போதும்."

அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, பெட்டியைத் திறந்து மூன்றையும் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"மூணும் இன்னாத்துக்கு இவ்ளோ சின்னதா இருக்குது?"

"சின்னதா இருந்தா சீக்கிரம் முடியும்னுதான்."

அவர் மூன்றையும் ஒருமுறை கையால் நீவிவிட்டார். மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகுமுன், முதல் போர்வையில் குத்தியிருந்த ஊசியை மட்டும் என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். ஊசியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பொது நம்பிக்கை.

அவர் சொன்னது பலித்தது. என் போர்வையை ஆறு மாதம் பார்க்காமல் இருந்தவளால், அவர் போர்வையை ஆறு நாள் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விருந்தாளியை உட்காரவைத்துவிட்டு நாம் படுக்க முடியுமா, அந்த மாதிரி. பௌர்ணமி மத்தியானம் மாடியில் விரித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நான் காட்டுவேன். அவர் கோணலைக் கண்டுபிடித்துத் திட்டுவார். தன்னிடம் இருப்பதைக் காட்டமாட்டார். "முடிஞ்சப்புறம் பாரு, இப்பவே பாத்தா குறை சொல்லுவ" என்பார். ஐப்பசிப் பௌர்ணமியன்று குனிந்து தைத்ததில் இடுப்பு வலி என்றேன். பாயில் நீட்டிப் படு என்றார். நான் கண்ணயர்ந்து விழித்தபோது, என் கால்மாட்டில் உட்கார்ந்து விரலை விரித்துத் தரையில் சாண் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, வற்றல் பாய் எத்தனை விரிக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. அந்த வருஷம் கணவரின் அக்கா ஆரணியிலிருந்து பிள்ளைகளோடு வந்து ஒரு வாரம் இருந்தார். சமையல் முடிந்த ஒரு பொழுதில் நான் போர்வையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மூலையும் கரையும்தான் பாக்கி.

"யார் புள்ளைக்கு?" என்றார் நாத்தனார்.

"பக்கத்து ஊட்டு அக்கா பொண்ணுக்கு. அடுத்த மாசம் பிரசவம்."

"நீதான் தைக்கறனு அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்கதாங்க குடுத்தாங்க."

"தெரிஞ்சேவா குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டார்.

கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஊரில் எல்லாரும் நினைப்பதைத்தான் கேட்டார். அதனாலேயே வலித்தது. பிள்ளை பெறாதவள் கை பட்ட துணியில் பிறக்கப்போகிற குழந்தையைக் கிடத்துவதா என்ற யோசனை அதுவரை எனக்கு வரவில்லை என்றால் பொய். வந்தது. அக்காவே கொடுத்தார் என்று அதைத் தள்ளிவைத்திருந்தேன். இப்போது அது எழுந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால்? அதற்குப் பிறகு நான் தொடவில்லை. முடிக்காமல் விட்டதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு. ஆனால் பயந்து நிறுத்தியது அதுதான் முதல் முறை.

தீபம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். மகள் வந்துவிட்டாள் என்று அக்கா போர்வை கேட்டு வந்தார். மடித்துக் கொடுத்தேன். வாங்கியதும் அவர் கை நேராகத் திறந்திருந்த மூலைக்குப் போனது.

"இது இன்னா?"

"மூலை மட்டும் பாக்கி. நீங்க முடிங்க அக்கா. உங்க கை பட்டா நல்லது."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

அவர் போர்வையை என் மடியில் திரும்பப் போட்டார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் பெத்தது ஆறு. நிக்கறது ரெண்டு. கைராசினு பாத்தா என் கை எப்படிப்பட்ட கை, நீயே சொல்லு."

இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும். மற்ற நான்கைப் பற்றி, நான்கு வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தும், எனக்குத் தெரியாது. அத்தனை பேசுகிறவர் அதை மட்டும் பேசியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அவர் தன் புடவையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூல் கோத்துத் தரையில் வைத்தார்.

"முடிச்சுப் போடாத துணி என் ஊட்டுக்குள்ள வராது. தை. நான் இங்கயே இருக்கேன்."

தைத்தேன். மூலையும் கரையும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் எழுந்திருக்கவே இல்லை. உளுந்து விலை, மருமகனின் மூக்கு, எங்கள் வீட்டு ஓட்டை வாளி என்று பேசிக்கொண்டே இருந்தார். கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தபோது என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை முடித்திருந்தேன். பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. பயம் அப்படியே இருந்தது.

மார்கழி முதல் வாரம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். பார்க்கப் போனபோது குழந்தை அந்தப் போர்வையில்தான் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நனைத்தது. மூன்று மாத உழைப்பு அன்று மத்தியானமே கொடிக்குப் போனது. அதைக் கொடியில் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஏழாம் நாள் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மறுநாள் அக்கா ஒரு மூட்டையோடு வந்து, "இந்தா உன்னுது" என்றார். விரித்தால் ஆள் உயரத்துக்கு விரிந்தது.

"இது என்னுது இல்லீங்களே."

"உன்னுதுதான். நல்லாப் பாரு."

பார்த்தேன். என் மூன்று சின்னப் போர்வைகளும் வரிசையாக அதில் இருந்தன. நான் விட்ட இடத்திலிருந்து தைத்து முடித்து, மூன்றையும் சேர்த்து, இடையிலும் சுற்றிலும் தன் நீலப் புடவையைப் பட்டையாகக் கொடுத்திருந்தார். என் தையல் முடிந்து அவர் தையல் தொடங்குகிற இடம் தெளிவாகத் தெரிந்தது. அவருடையது என்னுடையதைவிட மோசம்.

"யாரைக் கேட்டுச் சேத்தீங்க?" என்றேன். எனக்குத் திட்ட வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

"யாரையும் கேக்கல. ஒரு துண்டுகூட வெட்டல. வேணாம்னா பட்டையைப் பிரிச்சுடு, மூணும் தனியா வந்துடும்." வாசல் வரை போய்த் திரும்பினார். "நீ ரெண்டு பொடவையப் போத்திக்கினு நடுங்கறத தெனம் பாக்கறேன். அதான்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கு இனிமேல் பிள்ளை பிறக்காது என்று அவராகவே தீர்ப்பு எழுதிக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பட்டையைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிரித்தால் மூன்று போர்வையும் கிடைக்கும், முடித்த போர்வைகளாகவே கிடைக்கும். கிடைத்து? மறுபடி பெட்டியில் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வெயில் வரவே இல்லை. மலையிலிருந்து இறங்கிய பனி மத்தியானம் வரை தெருவில் நின்றது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், குளிர் பொறுக்காமல் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். கழுத்திலிருந்து பாதம் வரை சரியாக மூடியது, ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐப்பசியில் அவர் சாண் போட்டது வற்றல் பாய்க்கு இல்லை. முகத்தையும் மூடிக்கொண்டு, பிறக்காத மூன்றுக்கும் சேர்த்து அழுதேன். அதுவரை ஒன்றுக்குக்கூட அழுததில்லை.

அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து கணவர் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், போர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் அவருக்குத் தெரியும்.

"முடிச்சுட்டியா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க."

"யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.