ஈரம் பிடித்த வெல்டிங் குச்சிகள்

ஜப்பான்காரன் காலத்தில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் இரண்டே சொல்: "எனக்குத் தெரியும்." மலாயாவில் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் எங்களுடையது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். சயாமில் ரயில் ரோடு போடப் போக வேண்டியவர்களின் பெயர்களை, எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி வாசித்து முடித்திருந்தார். என் பெயரும் அதில் இருந்தது. முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஜப்பான் அதிகாரி, அடிச்சட்டம் விரிசல் விட்டு நின்றிருந்த லாரியைக் காட்டி, வெல்டிங் தெரிந்தவன் யார் என்று கேட்கச் சொன்னார். என் கை தானாக மேலே போய்விட்டது.

"நெசமாவே தெரியுமா?" என்றார் கிராணி.

"எனக்குத் தெரியும்லா ஐயா."

"ரெண்டு நாளு. லாரி ஓடுச்சுன்னா உன் பேர அடிச்சிட்டு ஒர்க்‌ஷாப்புல வச்சுக்குவாங்க. ஓடலன்னா நீயும் கெளம்ப வேண்டியதுதான்."

நான் ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூடத்து ஆள். வெல்டிங் செய்துவந்தவர் வெள்ளைக்காரத் துரையோடு ஓடிப்போய்விட்டார். அவர் வேலை செய்ததை ஒருநாள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக் கண் எரிந்து படுத்ததுதான் அந்தத் தொழிலில் என் அனுபவம்.

ஒர்க்‌ஷாப்பில் மூன்று பெட்டிக் குச்சிகள் இருந்தன. ஈர்க்குச்சி போல ஒன்று, பென்சிலைவிட மெலிந்தது ஒன்று, சுண்டு விரல் பருமனில் ஒன்று. எனக்கு எப்போதும் அவசர புத்தி. லாரி பெரிசு, குச்சியும் பெரிசாக இருக்கட்டும் என்று தடித்ததை ஹோல்டரில் மாட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணன் கரண்ட் என்ஜினைச் சுற்றிக் கொடுத்தார். அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. ஆனாலும் உதவிக்கு வந்தார். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடிய என்ஜின் அது. இருமி இருமித்தான் கரண்ட் கொடுத்தது.

பழைய இரும்பில் குச்சியை வைத்தேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கினேன், மறுபடி ஒட்டியது. கெட்ட கோபம் வந்து, தீக்குச்சி உரசுவதுபோல இழுத்தேன். பற்றிக்கொண்டது. முகமூடிக் கண்ணாடிக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம், அதன் நடுவில் இரும்பு தண்ணீராக உருண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சயாம், பட்டியல், பசி எல்லாம் மறந்துபோனது. பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தக் கரண்டுக்குத் தடித்த குச்சி உருகாமல் கட்டி கட்டியாக உட்கார்ந்தது. மெலிந்தது, கனத்த இரும்பில் பிடிக்காமல் மேலோடு நின்றது. நடுத்தரக் குச்சிதான் சரி என்று புரிய ஒரு பகல் ஆனது. அதுவும் படபடவென்று வெடித்து, கசடைத் தட்டினால் ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. குச்சியின் மேல் பூச்சு மழை ஈரத்தில் நமுத்துப் போயிருந்தது.

ஈரமா, அதற்கு நான் இருக்கிறேன் என்று துள்ளினேன். எங்கள் எஸ்டேட்டில் நனைந்தது எதுவானாலும், கருவாடோ வேட்டியோ, புகைக்கூடத்தில்தான் தொங்கும். பாதிப் பெட்டிக் குச்சிகளை ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டுப் பெருமையாகத் தூங்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தன. உரசினால் புகைந்ததே தவிர ஒன்றும் எரியவில்லை. பெட்டியை எட்டி உதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கத்தினேன்.

என் மனைவி லூனாஸ் ஊர்க்காரி. என் கத்தலுக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

"பச்ச ஷீட்டு தண்ணி வடியிற எடத்துல கொண்டுபோயி காய வச்சீங்களாக்கும். மிச்சம் இருக்கா?"

"பாதிப் பெட்டி இருக்கு."

"கொண்டாங்க. கெழங்கு மாவு வறுக்குற சட்டி சும்மாதான் கெடக்கு."

மெல்லிய தணலில் சட்டியை வைத்து, குச்சிகளைப் புரட்டிப் புரட்டி வறுத்தாள். வெகு நேரம் கழித்து இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. சூடு ஆறும் முன்பே நான் ஓடினேன்.

விரிசலை அரத்தால் ராவி, துருவைச் சுரண்டிவிட்டு உரசினேன். கடுகு பொரிவதுபோல ஒரே சீராகச் சத்தம் வந்தது. குச்சி குறையக் குறையக் கையைத் தாழ்த்திக்கொண்டே போனேன். ஆறிய பிறகு கசடைத் தட்டினால், உள்ளே ஓட்டையே இல்லாமல் இரும்பு மினுங்கியது. மறுநாள் காலை அதிகாரி சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தார். கிராணி என் பெயரின் மேல் கோடு இழுத்தார்.

உடனே லாரியில் ஆள்களை ஏற்றினார்கள். நான் ரோட்டோரக் குழியின் பக்கத்தில் குப்புறப் படுத்து, அடிச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் குழியில் இறங்கியது, லாரி ஒருபக்கம் சாய்ந்தது, ஏறியது. என் ஒட்டு அசையவே இல்லை. நான் எழுந்து குதித்தேன். "புடிச்சிருச்சு, புடிச்சிருச்சு" என்று கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

லாரியில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மூட்டை முடிச்சோடு நின்றார்கள். அது சயாம் போகிறவர்களை ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிற லாரி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு அண்ணன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்க தம்பி," என்றார்.