புதுசில அடிக்கு அடி செக்பொயின்ட்

இன்று வெள்ளவத்தை பஸ்ஸில் எனக்கும் ரமேஷுக்கும் வழக்கமான சண்டை. பள்ளிக்கூடக் காலம் முதல் நாங்கள் விளையாடும் ரோல் பிளேயிங் கேமின் புதுப் பாகம் பழையதுக்கு ஈடாகுமா?

"பழசில செத்தா முதல்லயிருந்து துவங்கவேணும். அதுதான் கேம்," என்றேன். "புதுசில அடிக்கு அடி செக்பொயின்ட்!"

கடைசிச் சொல் உரத்துவிட்டது. முன் சீட் அன்ரி, யுத்தகால ஆமிச் செக்பொயின்ட் நினைவில், சட்டென்று அடையாள அட்டையை வெளியே எடுத்தார். அவரைப் பார்த்துப் பாதி பஸ்ஸும் எடுத்தது.

"கேமில அன்ரி," என்று ரமேஷ் விளங்கப்படுத்தினான். "செத்தாலும் செக்பொயின்டிலயிருந்து திரும்பி வரலாம்."

அன்ரி அட்டையை உள்ளே வைக்கவில்லை.

"செக்பொயின்டிலயிருந்து திரும்பி வரலாமெண்டா, புதுசுதான் தம்பி நல்லம்."

நான் இன்னும் பழைய கட்சிதான். அன்ரிக்குச் சொல்லப் பதில் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.