மாமி திருப்பச் சொன்ன காலை

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமியை நினைத்தால், உழவு இயந்திரப் பெட்டியில் பரப்பிய வைக்கோலின் ஈர வாசம்தான் முதலில் வருகிறது.

அது ஒரு மார்கழிக் காலை. எங்கள் காணி நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரம். மனைவிக்குக் குறித்த நாளுக்கு முந்தியே பிரசவ வலி கண்டுவிட்டது. அவளையும் அவளுடைய தாயான மாமியையும் வைக்கோல் மேல் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். பனிப்புகாரில் காடும் வீதியும் ஒன்றாகக் கரைந்து கிடந்தன. ஓடுகிறோமா மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. காட்டுவழி போகிறவர்கள் மரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு இலைக்குழை முறித்துக் கட்டிவிட்டுத்தான் போவார்கள். அவசரத்தில் நான் நிற்காமல் வந்துவிட்டேன். வழியில் பாலத்துக்கு மேலால் கொஞ்சம் தண்ணீர் பாய்ந்தது. கடந்துவிடலாம் என்று நினைத்தபோது மாமி பின்னாலிருந்து எட்டி என் முதுகில் தட்டினார்.

"தம்பி, பிள்ளையாருக்குக் குழை கட்டேல்லை. திருப்புங்கோ!"

"அம்மா, உங்களுக்கு விசரே? நான் இஞ்ச சாகிறன், உங்களுக்குக் குழை!" என்று மனைவி கத்தினாள்.

"கத்துற பலத்தைப் பிறகுக்கு வைச்சிரு மோளே. திருப்புங்கோ தம்பி."

மாமியை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. திருப்பினேன். இவர்களுக்கு ஏதும் நடந்தால் இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று பிள்ளையாரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

பிள்ளையாரடியில், புகாருக்குள் ஒரு ஸ்கூட்டி நின்றது. கிளினிக்குக்குப் போகிற வழியில் பிரசவம் பார்க்கிற எங்கள் மருத்துவமாது இறங்கிக் குழை கட்டிக்கொண்டிருந்தார். மனைவியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி போறமட்டும் தாங்காது அண்ணை. இதிலையே நிப்பாட்டுங்கோ."

அந்த வைக்கோல் மேல்தான் என் மகள் பிறந்தாள். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மருத்துவமாதின் கைகள் அதை எடுத்துவிட்ட பிறகுதான் பிள்ளை அழுதது. நானும் அழுதேன்.

மாமியின் பக்தியை எண்ணிப் பல வருடம் மனதுக்குள் கும்பிட்டு வந்தேன். இந்த ஆடியில் அவர் படுக்கையில் கிடந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"குழையும் இல்லை, ஒண்டும் இல்லைத் தம்பி. அந்தத் தண்ணியைக் கண்டு எனக்குப் பயம். பயமெண்டு சொன்னால் நீங்கள் நிப்பாட்டமாட்டியள். அதுதான் பிள்ளையாரைச் சாட்டினனான்."

எனக்கு வழக்கமாகப் பேச்சு வராது. அன்று எப்படியோ வந்தது.

"நீங்கள் அவரைச் சாட்டினியள். அவர் உங்கட பயத்தைப் பிடிச்சு எங்களைத் திருப்பிப்போட்டார், மாமி."

மாமி கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சிரித்தார்.

"ஓம் என்ன. பொல்லாத ஆள், பிள்ளையார்."

மார்கழி, திருவெம்பாவையின் கடைசி நாள்.