கோபத்தில் எறிந்த போனுக்கு உத்தரவாதம் இல்லை

கைப்பேசி பழுது பார்ப்பவனிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. மலேசியாவில் எங்கள் ரந்தாவ் வட்டாரத்தில் எல்லாருடைய போனும் தானாகத்தான் விழுகிறது.

வெளிநாட்டில் பல வருஷம் அலுவலகக் கணினிகளோடு குப்பை கொட்டிவிட்டு, வயது ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்பி, பாய் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் விளக்கும் போட்டு உட்கார்ந்தேன். எஸ்டேட் ஆட்களில் பாதிப் பேர் டவுனுக்குப் போய்விட்டார்கள். சண்டை மட்டும் எங்கும் போகவில்லை, சட்டைப் பையிலேயே இருக்கிறது. முன்பு லயத்தில் இரண்டு வீட்டுக்காரர் அடித்துக்கொண்டால் மூன்றாவது வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். இப்போது செனாவாங் பேக்டரியில் ஷிப்டில் நிற்பவரும் பாத்ரூமுக்குள் போய் ஒரு குரல் செய்தி போட்டுவிட்டு வருகிறார். நீங்களும் ஏதோ ஒரு குடும்பக் குரூப்பில் மாட்டிக்கொண்டவர்தான். மேலே விளக்க வேண்டியதில்லை.

கை வழுக்கியது

தவறி விழுந்த போன் பெரும்பாலும் ஓரத்திலிருந்து விரிசல் விடும். எறியப்பட்ட போன் நடு முகத்தில் அடி வாங்கியிருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனாலும் மரியாதைக்குக் கேட்பேன், அவர்களும் மரியாதைக்குச் சொல்வார்கள், "கை வழுக்கிருச்சு" என்று. செனாவாங் பேக்டரியில் வேலை செய்யும் சரோஜா அக்காவின் போன், கை வழுக்கி, ஹாலைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது.

பழைய தோழி ஒருத்திக்கு அக்கா தினமும் காலையில் பூப்படம் அனுப்புகிறார். நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. "வேலையா இருப்பாங்கக்கா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா கைப்பையை மேசையில் வைத்தார். "நான் என்ன சொத்தா கேட்டேன் தம்பி? குட் மார்னிங். அதுக்குக்கூட பதில் போட முடியலன்னா அவளுக்கெல்லாம் எதுக்கு விடியணும்?"

விரல் முந்திக்கொண்டது

பெருமாள் அண்ணன் செம்பனை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய போனும் கை வழுக்கியதுதான். ஐஸ்பெட்டிக் கதவு வரைக்கும் வழுக்கியிருந்தது. கூடவே மனைவி லெட்சுமி அக்கா வந்திருந்ததால் உண்மை சீக்கிரமே மேசைக்கு வந்தது.

மகளுக்குக் கல்யாணம். நம்மிடையே உள்ள முறை உங்களுக்குத் தெரியும். பத்திரிகை அச்சாகி வந்தால் முதலில் சாமிக்கு, அடுத்து தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. புருஷனும் பெண்சாதியும் நேரில் போய் நீட்ட வேண்டும். பிறகுதான் ஊருக்கு. ஆனால் அச்சகத்துக்காரர் பத்திரிகையைப் படமாக அனுப்பிவைக்க, அண்ணன் பூரிப்பில் அதை அப்படியே குடும்பக் குரூப்பில் தள்ளிவிட்டார். எல்லாரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். கோலா கிளாவாங்கில் இருக்கும் தாய்மாமன், லெட்சுமி அக்காவின் தம்பி ராஜேந்திரன், ஒன்றும் போடவில்லை. குரூப்பை விட்டு விலகினார்.

அண்ணன் விடுவாரா? "மாலை எடுத்துக் குடுக்க ஊர்ல வேற ஆளா இல்ல?" என்று குரல் செய்தி போட்டார். குரூப்பில் இல்லாத ராஜேந்திரனுக்கு அது போய்ச் சேராமல் இருந்திருக்கும். சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? யாரோ பொறுப்பாக அனுப்பிவைத்தார்கள். ராஜேந்திரன், பெருமாள் அண்ணனுக்கே நேராகப் பதில் எழுதினார். அதைப் படித்த நொடியில்தான் கை வழுக்கியது. இதற்கிடையில், மாமா வந்து மாலை எடுத்துக் கொடுக்காவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று பெண் சொல்லிவிட்டாள்.

"எப்பக் கெடைக்கும்? அவனுக்கு இன்னும் பதில் போடல" என்று அண்ணன் அவசரப்பட்டார். திரை கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று நாளாகும் என்றேன். அவர் மோட்டர் சைக்கிளை எடுக்கப் போனதும் லெட்சுமி அக்கா மேசைப் பக்கம் குனிந்தார். "அவசரமே இல்ல தம்பி, பேரப்பிள்ள பொறந்தப்பறம் குடுத்தாக்கூட போதும்."

ஒற்றை நட்சத்திரம்

இணையத்தில் யாரோ பாய் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'தே தாரிக் டீ ரொம்பச் சூடு' என்று எழுதியிருந்தார். பாய் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பதில் எழுதி, மூன்றிலும் அந்த ஆளின் வளர்ப்பைப் பற்றி விசாரித்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். எல்லாம் என்றால் இவர் எழுதியதை அல்ல, அவர் எழுதியதை.

எழுதியவரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "இவனா? இன்னைக்கும் அதே மேசையில உக்காந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு, 'நல்லாருக்கு பாய்'னு சொல்லிட்டுத்தானே போனான்."

வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்

ராஜேந்திரன் பேக்டரி பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் ரந்தாவில் ஆட்களை இறக்கிவிட்டு என் கடை முன்னால் நிறுத்தினார். மச்சானின் போன் இதே மேசையில் கிடப்பது அவருக்குத் தெரியாது. பேச ஆரம்பித்ததுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. குரூப்பில் சேராமலே குரூப்பில் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே இருக்கும் யாரையாவது கேட்கலாமே என்றேன்.

கேட்டிருக்கிறார். அதுதான் வினை. விலகிய அன்றைக்குக் கொஞ்சம் பேச்சு இருந்ததாம். மறுநாளே யாரோ மூட்டுவலிக்குக் கைவைத்தியம் அனுப்ப, மொத்தக் குடும்பமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டதாம். "அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினது என் மடியில வச்சு" என்றார். நான் வெளிநாட்டில் இருந்தபோது கோபத்தை அடக்குவது பற்றி ஆங்கிலப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். பார்க்க ஆளில்லாத கோபத்தை என்ன செய்வது என்று அவற்றில் இருந்ததாக ஞாபகமில்லை. பஸ்ஸில் ஏறும்போது ராஜேந்திரன் திரும்பினார். "இத்தன நாளா கோவமா இருக்கேன், அது அவங்களுக்கே தெரியலன்னா நான் யாருக்காக சாப்பிடாமக் கெடக்கறது?"

மலை ரோட்டில் ஒரு தட்டு

திரை சொன்ன நாளிலேயே வந்துவிட்டது. இழுப்பறையில் போட்டு மூடினேன். பெருமாள் அண்ணன் வந்து கேட்டார். "இன்னும் வரலண்ணே." மறுநாளும் கேட்டார். மறுநாளும் வரவில்லை. போட முடியாத பதில்களை அவர் என்னிடமே ஒப்பித்தார். முதலில் நெருப்பாக, பிறகு கொஞ்சம் புகையாக. ஒருநாள் பாதியில் நின்று, "ஆமா, அவன் கடைசியா என்னதான் எழுதியிருந்தான்?" என்று என்னையே கேட்டார். எடுத்துப் படித்துச் சூடேற்றிக்கொள்ளப் போன் இல்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அக்கா தட்டை எடுத்துவைத்தார், அண்ணனும் கூடக் கிளம்பினார். தன் போனை, பேட்டரி போய்விட்டது என்று வீட்டிலேயே விட்டுவிட்டார். முன்கூட்டிக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை, பாதி வழியில் சண்டை போடவும் வழியில்லை. கோலா கிளாவாங் மலை ரோட்டு வளைவுகளில் வெற்றிலை சரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டே போனாராம். ராஜேந்திரன் வேலைக்குப் போயிருந்தார். மதியம் திரும்பியபோது அக்காவும் மச்சானும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு அது வராது. ராஜேந்திரன் உள்ளே போய் முகம் கழுவி, சட்டை மாற்றி வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

வாங்கியும் மனசு கேட்கவில்லை. குரூப்பில் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டார். "எனக்கென்ன தெரியும் மச்சான், என் போனு ஒடஞ்சி ரோசாக்காயி, கடையிலல்ல கெடக்கு" என்றார் அண்ணன். அதற்கு ராஜேந்திரன் சொன்னதை லெட்சுமி அக்கா திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து அப்படியே சொல்லிக் காட்டினார்: "போன்கூட இல்லாத மனுஷன்கிட்ட எப்படி லா கோவிச்சிக்கிறது, வாங்க சாப்பிடுவோம்."

மாமன் மாலை எடுத்துக் கொடுக்க, பெண் மணையில் உட்கார்ந்து, கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆகவே கோபத்தை விட வழி கேட்டு யார் வந்தாலும் நான் போனை வாங்கி வைத்துக்கொண்டு, சாமான் இன்னும் கோலாலம்பூரிலிருந்து வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.